பத்து மணி நேர வாசிப்பு: கரிசல் மண்ணிலிருந்து விமானம் ஏறுகிறவர்க்கான நூல்கள்

சிவகாசி வட்டாரத்தின் பெயரை நாடறியச் செய்த தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களுள் முதல் இரண்டின் சரக்கும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால், விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிப் பயணியின் பையில் ஏற முடியாதவை. மூன்றாவது தொழிலின் சரக்காகிய அச்சிட்ட தாள் மட்டுமே பயணியோடு சேர்ந்து பறக்கிறது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நேராகவோ, சென்னையில் விமானம் மாறியோ, வேலைக்காக வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும், படிப்புக்காக ஐரோப்பாவுக்கும், மகளின் பேறுகாலம் பார்ப்பதற்காக அமெரிக்காவுக்கும் இவ்வட்டாரத்து மக்கள் போய்வருகிறார்கள். பெட்டியை இரண்டு முறை எடை போட்டுப் பார்ப்பவர்களும், பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் கசியாமல் கட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுதையே செலவிடுபவர்களும், வழியில் வாசிக்கும் நூலை மட்டும் கிளம்புகிற நேரத்தில் கைக்கு அகப்பட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். வாசிப்பு என்பதே கால் மணி, அரை மணி என்று துண்டுபட்டுப்போன இக்காலத்தில், தொலைபேசி அழைப்பும் வீட்டு வேலையும் குறுக்கிடாத பத்து மணி நேரம் ஒருவருக்கு ஒரே மூச்சில் கிடைப்பது அரிது. அந்த நேரத்தைப் பொழுதுபோக்குக்குரியதாக மட்டும் கருதாமல், ஊரில் இருந்தால் என்றுமே முடித்திருக்க முடியாத ஒரு நூலுக்கு உரியதாகக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயணத்துக்கென நூலின் வடிவத்தை மாற்றிக்கொள்வது அச்சுத் தொழிலின் பழைய வழக்கம். வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ், 1501-ஆம் ஆண்டில் லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூலைக் கையடக்க அளவில் அச்சிட்டு வெளியிட்டபோது, மேசைமீது விரித்து வைத்து வாசிக்கப்பட்ட நூல், வாசகரோடு வெளியே நடமாடத் தொடங்கியது. இந்தியாவில் ரயில் பாதைகள் பெருகிய பின்னர் வடக்கே 1877-இல் தொடங்கப்பட்ட ஏ.எச். வீலர் நிறுவனமும், தெற்கே 1844-இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் ரயில் நிலையங்களில் புத்தகக் கடைகளை நடத்தின. ரட்யார்ட் கிப்ளிங்கின் தொடக்ககாலக் கதைகள் 1888-இல் ரயில் பயணிகளுக்கான மலிவு வரிசையாகவே வெளிவந்தன. தமிழில் இதற்கு இணையானது மாத நாவல். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப்பில் மாட்டித் தொங்கிய இந்நூல்களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் எழுதிய கதைகள், சிவகாசியில் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் முடிந்துவிடும் நீளமுடையவை. அவற்றின் மேலட்டையை மட்டும் பார்த்து அவற்றை இலக்கியத்துக்குப் புறம்பாக ஒதுக்கியவர்கள், ஒரு பயணத்தின் கால அளவுக்குள் ஒரு கதையைத் தொடங்கி, சிக்கலாக்கி, அவிழ்த்து முடிக்கும் தொழில்திறனைக் கவனிக்கத் தவறினார்கள். ஆனால் அந்த வடிவம் பேருந்துக்கும் இரவு ரயிலுக்கும் அளவெடுத்துத் தைக்கப்பட்டது. நீண்ட விமானப் பயணத்துக்கென்றே உருவான வடிவம் தமிழில் இதுவரை இல்லை என்பதால், அதற்கு ஏற்றதை ஏற்கெனவே இருக்கும் நூல்களிலிருந்து வாசகரே கண்டெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கால அளவைக் கணக்கிட வேண்டும். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஏறத்தாழ 4 மணி நேரம். சென்னையிலிருந்து லண்டனுக்கு 10 மணி நேரத்துக்கு மேல். வளைகுடாவில் விமானம் மாறி அமெரிக்கா செல்பவர்க்கு இரண்டாம் கட்டம் மட்டுமே 14 மணி நேரத்தைத் தொடும். ஒரு பக்கத்தை இரண்டு நிமிடத்தில் நிதானமாக வாசிக்கும் ஒருவர் பத்து மணி நேரத்தில் 300 பக்கங்களை முடிக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. உணவு வண்டி வருவது, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வழி கேட்பது, அறிவிப்பு ஒலிப்பது, தன்னையறியாமல் கண்ணயர்வது ஆகியவற்றைக் கழித்தால் அதில் பாதிதான் தேறும். ஆகவே மொத்த நீளத்தைவிட அத்தியாயத்தின் நீளமே முக்கியமானது. இக்காரணத்தால் வார இதழ்களில் தொடராக வெளிவந்த நாவல்கள் விமானத்துக்குப் பொருந்துகின்றன. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வெளிவந்தது; ஒரு வாரம் காத்திருக்கப்போகும் வாசகர் கதையை மறந்துவிடாதபடி ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு காட்சியை முழுமையாகக் காட்டி, அடுத்ததற்கான கேள்வி ஒன்றை விட்டு முடிகிறது. அரை மணிக்கு ஒருமுறை குறுக்கீடு நேரும் இருக்கையில், அந்த அமைப்பு வாசகரை விட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஐந்து பாகங்களையும் சுமக்க வேண்டியதில்லை. போகும்போது ஒரு பாகம், வரும்போது ஒரு பாகம் என்று எடுத்துச் செல்வதே தக்கது.

அடுத்தது உடல் சார்ந்தது. நூலைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை என்றாலும், அச்சகங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் விடுவது பொருந்தாது. பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள மலையில் நிலவும் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. காற்றின் ஈரப்பதமோ 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கண் உலர்கிறது, தாகம் எடுக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குப் பின் எழுத்துகள் மங்கித் தெரிகின்றன. சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் 17, 18 அங்குலம் என்பதால், இரு முழங்கைகளையும் விரித்து நூலைப் பிடிக்க இடமில்லை. ஒரு கையால் பிடித்துக் கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திக்கொள்ளும்படியாகவே வாசிக்க நேர்கிறது.

ஒற்றைக் கையில் நூல் படிந்து நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று கட்டுமானம். அச்சிட்ட பெரிய தாளை மடித்து எட்டு, பதினாறு பக்கங்களாக ஆக்கியதற்கு ‘ஃபாரம்’ என்று பெயர். ஃபாரங்களின் மடிப்பில் நூலை ஓட்டித் தைத்து, தைத்தவற்றை ஒன்றுசேர்ப்பது தையல் பைண்டிங். மடிப்பை இயந்திரத்தால் சீவிவிட்டு, உருக்கிய பசையால் அட்டையோடு ஒட்டுவது பெர்ஃபெக்ட் பைண்டிங். பின்னது செலவு குறைந்தது, வேகமானது. ஆனால் அகல விரித்தால் முதுகு வெடிக்கும், விரிக்காவிட்டால் உள்ஓரத்து எழுத்துகள் மறையும். மற்றொன்று தாளின் நார் ஓட்டம். காகித ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் படுத்துக்கொள்வதால், தாள் அந்தத் திசையில் எளிதாக வளைகிறது, குறுக்கே விறைத்து நிற்கிறது. நார் ஓட்டம் நூலின் முதுகுக்கு இணையாக அமைந்தால் பக்கங்கள் துணிபோல் விழும். குறுக்காக அமைந்தால் பக்கம் துள்ளித் துள்ளி மூடிக்கொள்ளும். கடையில் ஒரு நூலை எடுத்து, நடுவில் விரித்து, கையை எடுத்துப் பார்த்தால் இது சில நொடிகளில் தெரிந்துவிடும். விலையையும் அட்டைப்படத்தையும் பார்ப்பவர்கள் இதையும் பார்த்து வாங்கப் பழகினால், பதிப்பகங்களும் காலப்போக்கில் தாளைச் சரியான திசையில் வெட்டப் பழகும்.

எடையையும் இவ்வாறே கணக்கிட்டுவிடலாம். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று அச்சகங்களில் குறிப்பிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் நிற்கும் என்பதே அதன் பொருள். தமிழ் நாவல்கள் பெரிதும் வெளிவரும் டெம்மி 1/8 அளவில் ஒரு தாளின் பரப்பு ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்கு 21.5 சென்டிமீட்டர். 70 ஜிஎஸ்எம் தாளில் அச்சான 320 பக்க நூலில் 160 தாள்கள் இருப்பதால், அட்டை நீங்கலாக அதன் எடை 340 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதே தாளில் 1,100 பக்க நூல் 1,150 கிராமைத் தாண்டிவிடும். கெட்டி அட்டை சேர்ந்தால் இன்னும் கூடும். கைப்பைக்குப் பல விமானங்களில் அனுமதிக்கப்படும் எடை 7 கிலோ என்பதோடு, நூலின் எடையை மணிக்கட்டால் பல மணி நேரம் தாங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பளபளப்பான ஆர்ட் தாளில் அச்சான நூல்கள் இன்னும் கனமானவை. தலைக்கு மேலிருந்து விழும் வாசிப்பு விளக்கின் ஒளி அத்தாளில் பட்டுக் கண்ணில் தெறிப்பதால் படங்களும் எழுத்தும் தெளிவாகத் தெரியாது. சற்றுப் பழுப்பேறிய நிறமுடைய, பளபளப்பில்லாத தாளே இரவு விமானத்துக்கு உகந்தது.

மின்னூல் கருவி எடைச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. அமேசான் கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவதால், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது பெரிய உதவி. புறப்படுவதற்கு முன்னரே நூல் முழுவதும் கருவியில் இறங்கிவிட்டதா என்று இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். என்றாலும், நூறு நூல்கள் இருக்கும் கருவியில் ஒன்றைப் பத்துப் பக்கம் வாசித்து மற்றொன்றுக்குத் தாவும் மனம், ஒன்றே ஒன்று கையில் இருக்கும்போது அதற்குள் இறங்கிவிடுகிறது. கடினமான நூலை முடிப்பதற்கு விமானம் தரும் உதவியே வேறு வழியில்லை என்னும் நிலைதான். அதைக் கருவி பறித்துவிடுகிறது.

இனி எந்த நூல் என்னும் வினா. நீண்ட பயணத்துக்கு எளிதான, விறுவிறுப்பான கதையே ஏற்றது என்னும் பொதுவான அறிவுரை பாதி உண்மையே. ஊரைவிட்டு விலகிச் செல்லும் ஒருவரின் மனம் அந்த நேரத்தில் எதை நாடுகிறது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் பரவியுள்ள கறுப்பு மண் நிலத்துக்குக் கரிசல் என்று பெயர். ஈரம்பட்டால் காலில் ஒட்டிக்கொள்ளவும், காய்ந்தால் வெடித்துப் பிளக்கவும் செய்யும் அந்த மண்ணையும், மழையை நம்பிய அதன் வாழ்வையும் எழுதிய படைப்புகள் தமிழ் உரைநடையில் தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கின்றன. அந்நிலத்திலிருந்து கிளம்புகிறவர் அந்நிலத்தின் நாவலை எடுத்துச் செல்வதே சிறந்த தேர்வு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஊரில் இருக்கும்போது அன்றாடமாகத் தோன்றிக் கவனத்தில் படாதவை, விமானம் மேலெழுந்த பின்னர் அச்சில் வாசிக்கப்படும்போது தம் முழு உருவில் தெரிகின்றன.

இடைசெவலில் 1923-இல் பிறந்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இவ்வரிசையில் முதலில் வைக்கத்தக்கது. 1976-இல் வெளிவந்த இந்நாவல், ஆந்திரப் பகுதியிலிருந்து அச்சத்தின் காரணமாகப் புறப்பட்ட தெலுங்கு பேசும் குடும்பங்கள் நெடுவழி நடந்து தெற்கே வந்து, காட்டைத் தீயிட்டுத் திருத்தி, கரிசலில் ஊர் அமைத்த வரலாற்றைச் சொல்கிறது. இன்று சொந்த ஊர் என்று எண்ணிப் பிரிய வருந்தும் மண்ணுக்கு முன்னோரும் ஒரு காலத்தில் அந்நியராகவே வந்து சேர்ந்தார்கள் என்பதை, புது நாட்டுக்குக் குடிபெயரும் இளைஞர் ஒருவர் வாசிக்கும்போது ஏற்படும் ஆறுதலை வேறு எந்த நூலும் தரும் என்று சொல்வதற்கில்லை. கதை கேட்பதுபோல் ஓடும் நடையும், சிறு சிறு பகுதிகளாக அமைந்த வடிவமும் விமானத்துக்கு இசைந்தவை. இதன் தொடர்ச்சியாகிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நான்கு மணி நேரமே பறப்பவர்க்குப் பூமணியின் ‘வெக்கை’ போதும். 1982-இல் வெளிவந்த இச்சிறு நாவல், ஒரு கொலைக்குப் பின் தந்தையும் மகனும் காட்டிலும் மலையடிவாரத்திலும் மறைந்து திரியும் சில நாள்களைப் பற்றியது. 2019-இல் ‘அசுரன்’ திரைப்படத்துக்கு அடிப்படையாக அமைந்ததால் பலர் கதை தெரியும் என்று எண்ணி நூலைத் தொடாமல் விடுகிறார்கள். திரைப்படம் மோதல்களை முன்னிறுத்தியது. நாவலோ ஓடி ஒளிந்திருப்பவர்கள் எதைப் பறித்துத் தின்றார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், எந்தப் பாறையின் நிழலில் படுத்தார்கள் என்பதையே பெரிதும் எழுதுகிறது. அதே ஆசிரியரின் ‘அஞ்ஞாடி’ இதற்கு நேர்மாறானது. 2012-இல் வெளிவந்து 2014-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அப்பெருநாவல் ஆயிரம் பக்கங்களைக் கடந்தது. 1895-இல் கழுகுமலையிலும் 1899-இல் சிவகாசியிலும் நிகழ்ந்த சாதிக் கலவரங்கள் வரை பல தலைமுறைகளின் வாழ்வை விரிக்கிறது. சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவர் தம் ஊரின் தெருக்களில் நடந்ததைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பெரிய இலக்கியப் படைப்பு இல்லை. அதன் எடை முன்பு கூறிய கணக்கின்படி கைக்குச் சுமைதான். பதினான்கு மணி நேரப் பயணத்தில்கூட முடியாது. எனினும் தொடங்குவதற்கு அந்தப் பயணமே தகுந்த இடம், ஏனெனில் முதல் நூறு பக்கங்களில் மாந்தர்களின் பெயர்களும் உறவுகளும் மனத்தில் பதியும் வரை இடையூறின்றி வாசிக்க வேண்டிய நாவல் அது. எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ கரிசல் வட்டாரத்து நாகஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. 2018-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. சிறிய நூல், ஆனால் ஒரே அமர்வில் வாசித்தால் அடுத்த சில மணி நேரம் வேறெதையும் கையிலெடுக்க விடாது.

கிழக்கே செல்பவர்க்கு மற்றொரு வழி உண்டு. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் இளமையில் இந்தோனேசியாவின் மெடான் நகரில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்த தமிழர்களைப் பற்றி அவர் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. மெடான், பினாங்கு தெருக்களில் நடக்கும் கதைமாந்தர்களின் நினைவில் மதுரையும் சின்னமங்கலமும் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும் அந்நாவலை, சிங்கப்பூருக்குப் போகும் வழியில் தொடங்கி அங்கே தங்கியிருக்கும் நாள்களில் முடிப்பது நல்லது. நான்கு மணி நேரத்தில் அவசரமாக வாசித்தால் அதன் நனவோடை நடை பிடிபடாது. அமெரிக்கா செல்பவர்க்கு அசோகமித்திரனின் ‘ஒற்றன்’ இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் திட்டத்தில் 1973-இல் கலந்துகொண்ட பட்டறிவிலிருந்து பிறந்த அந்நூலின் ஒவ்வோர் அத்தியாயமும் தனிக் கதையாக நிற்பதால், தூங்கி விழித்தவர் எந்த இடத்திலிருந்தும் தொடரலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல நாடுகளில் பணிபுரிந்து, கனடாவில் வாழும் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளும் இவ்வகையில் மிக ஏற்றவை. பயணக் களைப்பில் நாவலைத் தொடர முடியாத மணிநேரங்களுக்கு அவருடைய மெல்லிய நகைச்சுவை கைகொடுக்கும்.

பேறுகாலம் பார்க்கச் செல்லும் தாய்மார்களைத் தனியே கருத வேண்டும். அறுபதை நெருங்கும் வயதில், பெரும்பாலும் முதன்முறையாக, பல வேளைகளில் துணையின்றி, இடையில் ஒரு விமானம் மாறி இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும் அவர்களுக்கு, இருக்கைக்கு முன்னுள்ள திரையை இயக்குவதும் பணிப்பெண்ணிடம் பேசுவதும் எளிதல்ல. அவர்களுடைய கைப்பையில் நூல் வைப்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். வார இதழ்களில் தொடர்கதை வாசித்து வளர்ந்த தலைமுறை அது. திருமணத்துக்குப் பின் நின்றுபோன அந்த வாசிப்பை மீட்டுக்கொடுக்க இப்பயணம் உதவும். முன்பு வாசித்து விரும்பிய நூலையே மீண்டும் கொடுப்பது நன்று, ஏனெனில் பழக்கமில்லாத இடத்தில் பழக்கமான கதை பதற்றத்தைத் தணிக்கிறது. கி. ராஜநாராயணன் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள் போன்று, ஒவ்வொன்றும் சில பக்கங்களில் முடிபவையும், பெரிய எழுத்தில் அச்சானவையும் தக்கவை. மூக்குக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைக்கும்படி நினைவூட்டுவதும் இத்தேர்வின் ஒரு பகுதியே.

குழந்தைகளோடு செல்பவர்க்குச் சிவகாசியே ஒரு செல்வத்தை உருவாக்கித் தந்திருக்கிறது. 1972-இல் இவ்வூரிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் ஐரோப்பியச் சித்திரக்கதைகளைத் தமிழில் தந்து பல தலைமுறை வாசகர்களை உருவாக்கின, டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் தமிழ் பேசியது இந்த ஊரின் அச்சகத்தில்தான். படமும் வசனமும் சேர்ந்த அவ்வடிவத்தைக் களைத்த கண்களும் ஏற்கும் என்பதால், பயணத்தின் கடைசிப் பகுதியில் பெரியவர்களும் அதைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வாசிக்கலாம்.

எந்த நூலாயினும் அதன் முதல் முப்பது பக்கங்களை வீட்டிலேயே வாசித்துவிட்டுப் புறப்படுவது பயன் தரும். தொடக்கப் பக்கங்களில் வாசகர் கதையின் உலகத்துக்குப் பழக வேண்டியிருக்கிறது. புறப்பாட்டின் பரபரப்பிலும் காதடைப்பிலும் அந்தப் பழக்கம் ஏற்படுவதில்லை, நூலின் மீதே தவறான சலிப்பு உண்டாகிவிடுகிறது. முப்பது பக்கங்களில் பிடிக்காத நூலை மாற்றிக்கொள்ள வீட்டில் வழியுண்டு, விமானத்தில் இல்லை. பெரிய நூல் ஒன்றும், அது சோர்வு தரும்போது எடுத்துக்கொள்ளச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுமாக இரண்டே நூல்களைத் தேர்ந்து, அவற்றைத் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்காமல் இருக்கைக்கு முன்னுள்ள பையில் செருகிக்கொள்ள வேண்டும். வாசித்து முடித்த நூலைத் திரும்பச் சுமந்து வர வேண்டியதும் இல்லை. தமிழ் நூல் எளிதில் கிடைக்காத ஊர்களில் வாழும் மகனோ மகளோ அண்டை வீட்டுத் தமிழரோ அதை அடுத்து வாசிப்பார்கள். திரும்பும் பயணத்துக்கு அவர்களுடைய அலமாரியிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.